வயசானா கம்மியா சாப்பிடணுமாம்... யார் சொன்னது?

"வயசாயிடுச்சு, இனிமே என்ன பெரிய சாப்பாடு? ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்."

இந்த வசனம் கேட்காத தமிழ் வீடு ஏதாவது இருக்கிறதா? சில சமயம் மகன் சொல்வார், சில சமயம் மருமகள். பெரும்பாலும் அந்தப் பெரியவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, ஏதோ தியாகம் செய்த மாதிரி தட்டைத் தள்ளி வைப்பார். சுற்றி இருப்பவர்கள் "எங்க பாட்டி ரொம்ப கன்ட்ரோல்" என்று பெருமைப்படுவார்கள். பாட்டி ஆறு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருப்பார். ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து "என்ன பாட்டி, சின்னப் பொண்ணு மாதிரி ஸ்லிம் ஆயிட்டீங்க!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. முயற்சி எதுவும் செய்யாமல் ஒரு பெரியவரின் எடை ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால், மருத்துவத்தில் அதை எச்சரிக்கை மணியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 50 கிலோ பாட்டிக்கு 5 சதவீதம் என்றால் வெறும் இரண்டரை கிலோ. மூன்று கிலோ இறங்கிய பாட்டிக்குக் கைதட்டல் கிடைக்கிறது, டாக்டர் கிடைக்கவில்லை. இதுதான் பிரச்னை.

யோகி, போகி, ரோகி

இந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் கேட்டால் முதலில் வருவது பழமொழி. ஒரு வேளை சாப்பிடுபவன் யோகி, இரண்டு வேளை போகி, மூன்று வேளை ரோகி. எதுகை மோனை பிரமாதம். ஆனால் எதுகை மோனை மருத்துவ ஆதாரம் ஆகாது. யோகியாக ஆசைப்படும் முப்பது வயதுக்காரருக்கு அது பொருந்துமோ என்னவோ, எழுபத்தைந்து வயதில் மூன்று மாத்திரை போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்து நடக்கும் தாத்தாவுக்குப் பொருந்தாது.

அடுத்து திருக்குறளை இழுப்பார்கள். மருந்து அதிகாரத்தில் வள்ளுவரே குறைவாகச் சாப்பிடச் சொல்கிறாராம். அந்த அதிகாரம் பேசுவது அளவைப் பற்றி. அதன் முதல் குறளே, கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்றுதான் ஆரம்பிக்கிறது. 'கூடினால்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'குறைந்தால்' என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, ஜப்பான். "ஒகினாவாவில் முக்கால் வயிறுதான் சாப்பிடுவான், நூறு வயசு வாழறான்" என்று ஜல்லியடிப்பது. சரி, ஜப்பானுக்கே போவோம். ஜப்பான் அரசு 2020ல் வெளியிட்ட உணவு அளவீடுகளில், 18 முதல் 49 வயது வரை பி.எம்.ஐ 18.5க்கு மேல் இருந்தால் போதும் என்கிறது. 50 முதல் 64 வரை 20. 65ஐத் தாண்டியவர்களுக்கு 21.5. மேல் வரம்பு எல்லோருக்கும் 24.9தான். அதாவது வயது ஏற ஏற, இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடையை ஏற்றியிருக்கிறார்கள். மக்கள்தொகையில் முதியவர்களின் பங்கு உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்றான ஜப்பான் பயப்படுவது குண்டுப் பாட்டிகளைப் பார்த்து மட்டும் அல்ல, மெலிந்த பாட்டிகளைப் பார்த்தும்தான். அதே 2020 ஏப்ரலில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களின் உடல் பரிசோதனையில் தளர்ச்சி பற்றிய கேள்விகளையும் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு, மூன்று கிலோ எடை குறைந்ததா, நடை மெதுவானதா, மெல்ல முடிகிறதா என்ற மாதிரி கேள்விகள். இங்கே அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

கரைவது கொழுப்பு மட்டும் அல்ல

வயதானால் கலோரி தேவை குறையும். அது உண்மை, அதில் சண்டை இல்லை. ஓடியாடி வேலை செய்த உடம்பு உட்கார ஆரம்பித்தால் எரிபொருள் குறைவாகத்தான் வேண்டும். ஆனால் கலோரி குறைகிறது என்பதற்காகப் புரதம், கால்சியம், பி12 எல்லாம் சேர்ந்து குறைந்துவிடாது. புரதத் தேவை கூடத்தான் செய்கிறது. கொஞ்சமாகச் சாப்பிடும் வயிற்றில் அதிகச் சத்து போக வேண்டும். 'கம்மியா சாப்பிடு' என்ற அறிவுரையில் இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தசை என்பது உடம்பின் வைப்புநிதி. இளமையில் போட்டது. காய்ச்சல் வந்தாலும், ஆபரேஷன் நடந்தாலும், பத்து நாள் பட்டினி கிடந்தாலும் உடம்பு அந்த நிதியை உடைத்துத்தான் செலவு செய்யும். நாற்பதுக்கு மேல் அந்தக் கணக்கில் தானாகவே பணம் குறைந்துகொண்டு வரும். இந்த நேரத்தில் வருமானத்தையும் பாதியாக வெட்டினால் என்ன ஆகும்? அசலைத் தின்ன ஆரம்பிக்கும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது 'ஸ்லிம்' என்று தெரியும். உள்ளே திவால்.

இதற்கு 1989ல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதை இழப்பு என்று அர்த்தம். பெயர் புதுசு, விஷயம் பழசு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாத தாத்தா, பஸ் படி ஏற முடியாத ஆத்தா, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாத பெரியம்மா... எல்லோரும் "வயசாச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் அடக்கப்பட்டுவிடுகிறார்கள்.

2007ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு. சராசரி 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாதவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. நல்ல உடம்புக்காரர்களுக்கே இந்தக் கதி. ஏற்கெனவே இளைத்துப்போன பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, மூன்று வாரம் படுத்தால்? எலும்பு ஒட்டிவிடும். எழுந்து நடக்கக் கால் இருக்காது. "நல்லாத்தான் இருந்தாங்க, விழுந்ததுதான் காரணம்" என்று கருமாதியில் பேசிக்கொள்வார்கள். விழுவதற்கு இரண்டு வருடம் முன்பே தட்டில் ஆரம்பித்த கதை அது.

ஒல்லியாக இருந்தால் ஆயுசு கெட்டியா?

2014ல் 32 ஆய்வுகளைச் சேர்த்து, 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,98,000 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். மரண ஆபத்து மிகக் குறைவாக இருந்தது பி.எம்.ஐ 27, 28 வாக்கில். 23க்குக் கீழே இறங்க இறங்க ஆபத்து ஏறியது. 20ல் இருந்தவர்களுக்கு, 23ல் இருந்தவர்களைவிட 19 சதவீதம் கூடுதல். நோய் வந்ததால் மெலிந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம் என்ற கேள்வி நியாயமானதுதான். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் மேல்நாட்டுக்காரர்கள் என்பதும் உண்மை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் பிரஷரும் வருவதால் இங்கே 23க்கு மேலேயே அதிக எடை என்கிறார்கள். அதனால் எல்லாப் பாட்டியும் 27க்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 150 செ.மீ. உயரமுள்ள பாட்டி 52 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கினால் அவர் 23லிருந்து 20க்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு லட்டு கொடுத்துக் கொண்டாட ஆதாரம் எங்கே இருக்கிறது?

மத்திய அரசின் முதுமை பற்றிய பெரிய கணக்கெடுப்பு 2017-18ல் நடந்தது. 60ஐத் தாண்டிய இந்தியர்களில் ஏறத்தாழ 27 சதவீதம் பேர் எடை குறைவானவர்கள். 22 சதவீதம் அதிக எடை. நாட்டில் முதியவர்களுக்குப் பெரிய பிரச்னை தொப்பைதான் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை படிக்கலாம். டி.வி.யிலும் பேப்பரிலும் வரும் டயட் அறிவுரை எல்லாம் 22க்கு. 27க்கு யார் பேசுவது?

ஒரு நாள் கணக்கு

பெரியவர்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? ஐ.சி.எம்.ஆர் 2020ல் சொன்ன பொது அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு அது போதாது, 1 முதல் 1.2 கிராம் வேண்டும், நோயில் இருந்தால் இன்னும் கூட வேண்டும் என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. 50 கிலோ பாட்டிக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம்.

இப்போது பாட்டியின் வரவுப் பக்கம்:

காலையில் காபி, 3 கிராம். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், 6 கிராம். மதியம் ஒரு கப் சாதம், ரசம், ஒரு கரண்டி பொரியல், மோர். தாராளமாகப் போட்டாலும் 8. சாயங்காலம் காபி, ரஸ்க் இரண்டு, 4. ராத்திரி மறுபடி இரண்டு இட்லி அல்லது ஒரு டம்ளர் கஞ்சி, 4. மொத்தம் 25. தேவையில் பாதி!

வயிறு நிறையும், அதுதான் இதில் ஏமாற்று. பசி எடுக்காது, ஏனென்றால் வயதானால் பசியே மந்தமாகிவிடும். நாக்கும் மூக்கும் பாதி ருசியைத்தான் காட்டும். போதாததற்கு மாத்திரை வேறு. "பசிச்சா கேட்க மாட்டாங்களா?" என்பவர்களுக்குப் பதில்: மாட்டார்கள். பசிக்காது. பசித்தாலும் கேட்கக் கூச்சம்.

பற்றாக்குறையை எப்படி அடைப்பது? ஒரு முட்டை 6 கிராம். கால் லிட்டர் பால் அல்லது அதற்கு ஈடான தயிர் 8. முப்பது கிராம் வேர்க்கடலை 7. பல் இல்லையா, வறுத்துப் பொடித்துச் சாதத்தில் பிசையலாம், துவையல் அரைக்கலாம். முப்பது கிராம் கொண்டைக்கடலை குழைய வேகவைத்த சுண்டல் 6. கூட்டினால் 27. மீன் சாப்பிடும் வீட்டில் நூறு கிராம் மத்தி மட்டுமே 20 கிராம் கொடுத்துவிடும், முள்ளை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எதுவும் இறக்குமதிச் சரக்கு இல்லை. டப்பாவில் வரும் பவுடர் இல்லை. டப்பா என்றதும் ஞாபகம் வருவது, பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகும் மால்ட் பவுடர். லேபிளைத் திருப்பி எத்தனை சர்க்கரை, எத்தனை புரதம் என்று ஒரு முறை படித்துவிட்டு வாங்கலாமே. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை?

சப்பைக்கட்டுகள்

"புரதம் சாப்பிட்டா கிட்னி போயிடும்." ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ளவரை ஒரு முட்டை ஒன்றும் செய்துவிடாது. ஊரில் பத்துப் பேருக்குக் கிட்னி நோய் என்பதற்காக மீதி ஆட்களையும் பட்டினி போடுவது என்ன நியாயம்?

"சுகர் இருக்கே, அதான் குறைச்சுட்டோம்." குறைத்தது எதை? சாதத்தைக் குறைத்த இடத்தில் பருப்போ, முட்டையோ, காயோ வந்ததா? வரவில்லை. இடம் காலியாகவே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்வது தசை. தசையைக் கரைத்து சர்க்கரையைக் குறைக்கப் பார்ப்பது, கடையை விற்றுக் கடைக்கு வாடகை கட்டுகிற மாதிரி. சைவம் மட்டும் சாப்பிட்டு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு பி12 குறைய இரண்டு காரணம் ஆகிவிடுகிறது. காலில் வரும் எரிச்சலையும் மரமரப்பையும் எல்லாம் சுகர் மேலேயே போட்டுவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"செரிக்காது." ஒரே வேளையில் ஐம்பது கிராம் போட்டால் செரிக்காதுதான். மூன்று வேளைக்குப் பிரித்துப் போடத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான வீட்டில் செரிக்காதது புரதம் இல்லை, மெல்லாமல் விழுங்கியது. பல் செட் தளர்ந்து ஆடுகிறது, அதை மாற்ற வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. அப்புறம் கஞ்சி, ரசம் சாதம், ரஸ்க் என்று மெல்லத் தேவையில்லாததாகப் பார்த்துப் பார்த்து மெனு சுருங்கிவிடுகிறது.

"எண்பது வயசுல இனிமே என்ன தசை வளரப்போகுது?" இதற்குப் பதில் 1990லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசை 9 சதவீதம் பருத்தது. தொண்ணூறு வயதில்! அதே குழுவினர் 1994ல் நூறு பேரை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சி இல்லாமல் வெறும் சத்துணவு பானம் மட்டும் கொடுத்தால் பலம் கூடவில்லை. அதனால் முட்டையைக் கொடுத்துவிட்டு ஈஸி சேரில் உட்கார வைத்தால் காரியம் ஆகாது. "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் ஒரு வகைப் பட்டினிதான்.

அப்போ குண்டா இருக்கலாமா?

இப்படிக் கேட்டு மடக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். மூட்டு வலியோடு தொண்ணூறு கிலோவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாத்தா எடை குறைக்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. 2011ல் 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமன் உள்ள 107 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். டயட் மட்டும் இருந்தவர்களுக்கு நடமாடும் திறன் 12 சதவீதம் முன்னேறியது, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 15, இரண்டும் சேர்த்தவர்களுக்கு 21. டயட் மட்டும் இருந்தவர்கள் கொழுப்போடு சேர்த்து தசையையும் கூடுதலாக இழந்தார்கள். ஆக, குண்டாக இருப்பவருக்கும் பட்டினி மருந்து இல்லை. தாத்தாவின் தட்டில் குறைய வேண்டியது வடை, மிக்சர், மூன்றாவது தடவை போட்ட சாதம். பருப்பும் காயும் இல்லை.

கடைசியில் சாப்பிடுபவர்

இனிமேல்தான் உண்மையான வில்லன். இந்தக் 'கம்மியா சாப்பிடு' தத்துவம் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. தாத்தாவுக்கு முட்டை போகும், பாட்டி "எனக்கெதுக்கு" என்பார். வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மீந்த குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவருக்கு, எழுபது வயதில் திடீரென்று தனக்கென்று ஒரு கிண்ணம் சுண்டல் கேட்க வாய் வருமா? கணவர் போன பிறகு ராத்திரி பலகாரம் மட்டும், வாரத்தில் இரண்டு நாள் விரதம் என்று இருப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. பக்தி அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பக்தி ஏன் பெரும்பாலும் புடவை கட்டியவர் தட்டிலிருந்தே பிடித்தம் செய்யப்படுகிறது?

வீடே இல்லாதவர்கள் கதை வேறு. மத்திய அரசு முதியோர் ஓய்வூதியத்துக்குத் தரும் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, 2007ல் மாதம் 200 ரூபாய். 2024லும் அதே 200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை, ஒரு முட்டை வாங்கலாம். தமிழக அரசு சேர்த்துக் கொடுக்கும் மொத்தத் தொகை 2023ல் 1000லிருந்து 1200 ஆனது. மேலே சொன்ன முட்டை, பால், கடலை, சுண்டல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 30 ரூபாய்க்குள் வரும். மாதத்துக்கு 900. மீதி 300ல் வாடகை, மாத்திரை, எண்ணெய், பஸ்...

எம்.ஜி.ஆர் 1982ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களையும் அதில் சேர்த்தார்கள். முதியவர்களுக்கும் ஒரு சூடான மதிய உணவு வேண்டும் என்ற யோசனை இந்த மாநிலத்துக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு வாரத்தில் ஐந்து முட்டை என்பது 2010ல் வந்தது. அது நாட்டுக்கே முன்மாதிரி. அதன் பிறகு முட்டையைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் எல்லோரும் குழந்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குழந்தை வளர்ந்தால் ஓட்டுப் போடும். பாட்டி இப்போதே போட்டுக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் முட்டை கேட்க மாட்டார் என்ற தைரியமோ?

செய்ய வேண்டியது

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுவது. டெய்லர் டேப் எடுத்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு பார்ப்பது. ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்று ஆசிய நிபுணர் குழு 2019ல் சொல்லியிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது, பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு. 12 விநாடிக்கு மேல் ஆனால் அதுவும் எச்சரிக்கை. எடை காரணமில்லாமல் குறைந்தால் டாக்டரிடம் போவது, ஏனென்றால் பின்னால் தைராய்டோ, மன அழுத்தமோ, காசநோயோ, புற்றுநோயோ இருக்கலாம். அப்புறம் தினமும் அந்த நாற்காலிப் பயிற்சியையே இரண்டு வேளை செய்ய வைப்பது.

இன்னொன்று, கூட உட்கார்ந்து சாப்பிடுவது. தனியாகச் சாப்பிடுபவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. பேச்சுத்துணை இருந்தால் மூன்றாவது வாய் தானாக இறங்கும். இதற்கு ஆய்வு தேவையில்லை, ஹாஸ்டல் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட எவருக்கும் தெரியும்.

"வயசானா கம்மியா சாப்பிடணும்" என்று அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், எதைக் கம்மியாக என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருவதற்குள் தாத்தா பாட்டி தட்டில் ஒரு முட்டையை வைத்துவிடுங்கள். முட்டை ஆகாத வீட்டில் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு.

டிஸ்கி: சிறுநீரகம், கல்லீரல் நோய் இருப்பவர்கள், இதய நோய்க்கு உணவுக் கட்டுப்பாடு சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். மற்றவர்கள் கேட்க வேண்டியது பாட்டியைத்தான். முதல் தடவை "வேண்டாம்"என்றுதான் சொல்வார். இரண்டாவது தடவையும் கேட்கவும் :-)